ஜிப்ஸி இல்லாத பொக்கே

அக்கா,

இன்று காலை பெங்களூர் பஸ்ஸில் பூப்பெட்டி வந்தது. பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கடையில் உட்கார்ந்து டேப்பை அறுத்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. புளித்த பால் வாடை. ரோஜாவுக்குப் பக்கத்தில் ஜிப்ஸிப் பூவைப் பார்க்கிறவர்கள் அது இப்படி நாறும் என்று நம்பவே மாட்டார்கள். ஆசையாக மூக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நாம்தான் அதைக் கெடுத்துவிட்ட மாதிரி நம் முகத்தைப் பார்ப்பார்கள். முதல் நாள் நீ மட்டும்தான் சிரித்தாய். "தூரத்துல பாத்தா மகாலட்சுமி, கிட்ட போனா கொழந்த கக்குன வாடை" என்றாய்.

புது அதிகாரி ஒருவர் நாளை பொறுப்பேற்கிறாராம். ஊழியர் சங்கத்திலிருந்து பெரிய பொக்கேவாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்ய உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ எதிரில் உட்கார்ந்து காம்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்ல வாய் வராததை, நீ போன பிறகு எழுதுகிற தைரியம்தான் எனக்கு வாய்த்திருக்கிறது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு ஊருக்குள் அலுவலகம் அலுவலகமாக வந்தது. அதுவரை மாலை மட்டும் கட்டிக்கொண்டிருந்த நான் பொக்கே கட்ட ஆரம்பித்தேன். கை உதவிக்கு ஆள் தேடியபோது நீ வந்து நின்றாய். கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற குடும்பத்தில் பிறந்து, கீழே வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்து, களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். பொக்கே என்றால் என்னவென்றே உனக்குத் தெரியாது. ஒரு கட்டு ஜிப்ஸியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இன்னாம்மா இது, உப்ப அள்ளித் தூவுன மாதிரி. இதப் போயி காசு குடுத்து வாங்குறாங்களா?"

"தனியா வாங்க மாட்டாங்கக்கா. ரோஜாவுக்கு நடுவுல சந்து அடைக்கத்தான்."

மூன்றே மாதத்தில் நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலை வந்தது. காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரில் முங்கும் இலைகளை உருவிவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு வைப்பதெல்லாம் நான் சொன்னதுதான். ஆனால் எத்தனை கவனமாக வைத்தாலும் சில நாள் பூ கருத்துப்போகும். பெட்டி அனுப்புகிறவனைத் திட்டுவேன். அதிகாரிகளுக்குப் பழத்தட்டும் நாம்தானே அடுக்குகிறோம், அந்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்கிற அன்றைக்குத்தான் கருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நீ. "பழத்தோட காத்து இதுக்கு ஆவல. தள்ளி வெய்யி" என்றாய். பெட்டிக்காரனிடம் கேட்டேன். ஆமாம் என்றான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்றான்.

ஒருநாள் இந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று கைபேசியில் பார்த்துப் படித்துக் காட்டினேன். கள்ளமில்லாத மனசு, கடைசிவரை மாறாத அன்பு. நீ கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "அத்தினியும் அந்த ஆபீசருக்கா?"

நம் வியாபாரம் நடந்ததே மாறுதலில்தான். போகிற அதிகாரிக்கு ஒன்று, வருகிற அதிகாரிக்கு ஒன்று. யாருக்காவது மாறுதல் என்று காதில் விழுந்தால் எனக்குக் கொண்டாட்டம். உன் முகம் மட்டும் விழுந்துவிடும். ஏரிக்கு அந்தப் பக்கம் மேட்டில் உன் வீட்டையும் சேர்த்து ஏழு வீடுகள். பட்டா இல்லை, அதனால் கரண்டு இல்லை. அந்தப் பட்டாவுக்காக நீ மனு கொடுத்துக்கொண்டே இருந்தாய். பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லி, இடத்தை அளக்க ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி, அந்த ஆள் கிளம்புவதற்குள் அவருக்கு மாறுதல் வரும். அடுத்தவரிடம் முதலிலிருந்து தொடங்குவாய். நடுவில் இரண்டு பொக்கேயும் நீயேதான் கட்டுவாய். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொக்கேவை வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை.

ஒருமுறை நீ சும்மா சொல்கிற மாதிரி சொன்னாய். "ரோசாவ மூணாம் நாளே தூக்கிப் போட்டுடுவாங்க. இது காஞ்சாலும் உதுராது, அப்பிடியே நிக்கும். மேசை மேல ஜாஸ்தி நாளு இருக்கறது இதான்." பூவைப் பற்றிச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து ஓர் அதிகாரி வந்தபோது நீ கட்டிய பொக்கேதான் நாம் செய்ததிலேயே அழகானது. ஜிப்ஸியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வைத்திருந்தாய். "இன்னிக்கு நானே எடுத்துக்கினு போவட்டுமா?" என்று கேட்டாய். சங்கத்துக்காரர்கள் என்னைத்தானே எதிர்பார்ப்பார்கள் என்று நான் கிளம்பினேன். அலுவலக வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பொக்கே சாய்ந்தது. ஜிப்ஸிக் காம்புகளுக்கு நடுவில் ஏதோ பளபளத்தது. இழுத்தேன். தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நாலாக எட்டாக மடித்த காகிதம். உன் மனு. அடியில் உன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி.

சங்கத்துக்காரர்கள் பார்த்தால் என்ன ஆகும்? மனு ஒளித்து வைத்த பொக்கே எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டால்? நாளைக்கு ஒருவரும் நம் படி ஏறமாட்டார்கள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காகிதத்தை என் பைக்குள் போட்டுக்கொண்டு பொக்கேவைச் சரிசெய்தேன். சிரித்த முகமாக உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் உன்னிடம் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். காகிதத்தை உன் கையில் கொடுத்திருந்தால் நீயே வேறு வழி பார்த்திருப்பாய். நீ கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னேன்.

"பொக்கே எங்க வெச்சிக்கினாரு?"

"மேசை மேலதான்க்கா."

உன் முகம் மலர்ந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல்தான் சும்மா இருந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அந்த வாரமே நீ பேருந்து நிலையத்துக் கடையில் ஒரு பல்பும் ஹோல்டரும் வாங்கிவந்து நம் கடை அலமாரியில் வைத்தாய். "வூட்டுல வெச்சா பேரப்பசங்க ஒடச்சிடும். பட்டா வந்துட்டா கரண்டு இழுக்க ஒரு நாளு போதுமாமே." பட்டா வரவில்லை. மாதங்கள் ஓடின. அந்த அதிகாரிக்கும் மாறுதல் வந்தது.

வழியனுப்பும் பொக்கேவை நீ ஜிப்ஸி இல்லாமல் கட்டினாய். ரோஜாவுக்கும் ரோஜாவுக்கும் நடுவில் சந்து சந்தாகத் தெரிந்தது. ஏன் அக்கா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாய்.

"ஒனக்குத் தெரியாம ஒரு வேல பண்ணிட்டம்மா. அந்தாளு வந்த அன்னிக்கு, பூவுக்குள்ள மனுவ வெச்சி அனுப்பிட்டேன். கடைக்குக் கெட்ட பேரு வந்துடுமோன்னு அன்னிலேர்ந்து பயந்துகினே கெடந்தேன். மனசுல வெச்சிக்காத."

அடுத்த ரோஜாவின் காம்பை நறுக்கிக்கொண்டே, "படிச்சிட்டு கம்முனு இருந்துட்டாரு பாரு. அவரெல்லாம் ஒரு மனுசன்" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லக்கா, வுடு." உன்னை மன்னித்தேன். பெரிய மனுஷிதான் நான். மனு என் பையில் இருக்க, நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய், நானும் கொடுத்தேன்.

அன்று அந்த அதிகாரி பொக்கேவை வாங்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "சின்னச் சின்னதா வெள்ளைப் பூ வெப்பீங்களே, இன்னைக்கு இல்லையாம்மா?" என்றார். "நான் வந்த அன்னைக்குக் குடுத்ததுல நிறைய இருந்துச்சு. ரொம்ப நாள் மேசையிலயே வெச்சிருந்தேன். காஞ்சப்புறம் நானேதான் ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்."

நீ கணக்குப் போட்டது ஒரு துளிகூடத் தப்பவில்லை அக்கா. அந்தக் காகிதம் உள்ளே இருந்திருந்தால் அவர் கையில்தான் கிடைத்திருக்கும். கடைக்கு வந்ததும் நீ கேட்டாய், "எதுனா சொன்னாரா?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அடுத்த மாதமே நீ போய்விட்டாய். கைபேசிக்குத் தினமும் நம் கடையில்தான் சார்ஜ் போடுவாய். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. திங்கள் விடிவதற்கு முன் அடுப்பு பற்றவைக்க விறகுக்குள் கையை விட்டிருக்கிறாய். கைபேசியிலும் சார்ஜ் இல்லை, எது கடித்தது என்று பார்க்கக்கூட வெளிச்சமில்லை. பாம்பு என்று தெரியாமல், எலி என்று நினைத்து மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மனு போயிருந்தால் பட்டா வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. போகாமல் செய்தது நான் என்பது மட்டும் சத்தியம்.

காரியத்தன்று உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பூவுக்குள்ள வெச்சி அனுப்பியும் அந்தாளு கண்டுக்கலியேன்னு கடைசி வரிக்கும் பொலம்பிக்கினே இருந்துச்சிக்கா. போதும். இனிமே எந்த ஆபீசுக்கும் நாங்க மனு எழுதப் போறதில்ல." சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

போன திங்கள்கிழமை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் மனு கொடுக்கிற வரிசையில் போய் நின்றேன். உள்ளே இருந்தவர் பிரித்துப் படித்தார்.

"நீங்களாம்மா இது?"

"இல்லீங்க. என் கடையில வேல செஞ்சவங்க. இப்ப இல்லீங்க, செத்துட்டாங்க."

"அப்ப இது செல்லாதும்மா. அவங்க வாரிசு வரட்டும். அங்க குடியிருக்கறவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் புதுசா எழுதிக் குடுக்கட்டும்." மனுவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் மகளை மறுபடி எழுதவைக்க ஒரே வழிதான் இருக்கிறது. அவள் அம்மாவின் மனுவை யாரும் படித்துவிட்டு ஒதுக்கவில்லை, படிக்கவிடாமல் எடுத்துக்கொண்டவள் நான் என்று அவளிடம் சொல்ல வேண்டும். உங்கள் மேட்டுக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். இரண்டு முறை ஏறினேன். இரண்டு முறையும் ஏரி வரைக்கும் போய், இறங்கி, திரும்பி வந்துவிட்டேன்.

ஏழு வீட்டிலும் இன்னும் விளக்கில்லை அக்கா. மனு என் பையில்தான் இருக்கிறது.