சரிவில் மாறும் பிடி

9 திங்கள்
விடியவே புழுக்கம். மயிலிட்டித் துறைமுகத்துக்கு ஐஸ், 40 பெட்டி. லொறி பழுது. லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றினோம். ஓட்டியது குகன். பண்டத்தரிப்பு ஆள், பதினைந்து வருடமாகத் தோட்டக் காணிகளில் ஓடுகிறவன். இறங்குதுறைச் சரிவில் வண்டியை இறக்கச் சொன்னது நான். பாதியில் வண்டி இடப்பக்கம் வெட்டி மதிலோடு மோதியது. இடையில் அவன் இடது கால். அந்தக் கத்தல்! பெரியாஸ்பத்திரி.

10 செவ்வாய்
எங்கள் ஐஸ் கம்பனி முழுக்க ஒரே கதை. "வலம் இடம் தெரியாத விசரன். மதில் இடப்பக்கம், வலப்பிடியையெல்லோ இழுக்கவேணும்!"
மனேஜர்: "சாரதியின்ரை கவனயீனம் எண்டு அறிக்கை எழுதும்."
எழுதினேன். கையொப்பமும் வைத்தேன்.
எழுதாதது: வண்டியைத் திருப்ப இரண்டு ஹாண்டிலிலும் ஒவ்வொரு கிளட்ச் பிடி. சமதரையில் வலப்பிடியை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். சரிவில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது எதிர்ப்பக்கம் போகும். மலைநாட்டில், பதுளையில் வேலை செய்தபோது முதல் நாளே சொல்லித் தந்தார்கள். குகன் சரிவையே காணாதவன். நான் சொல்லியிருக்க வேண்டும். "ஐஸ் உருகுது, கெதியா இறக்கு" என்று கத்திக்கொண்டு நின்றேன். சீ!

11 புதன்
மழை இல்லை. வாங்க: சவர்க்காரம், பல்ப், அம்மாவின் பிரஷர் குளிசை.
குகனின் மனைவி போன் எடுத்தா. இரண்டு கால்விரல் எடுத்துவிட்டார்களாம். "இவர் கையைக் கையைப் பாக்கிறார் அண்ணை. வலது கை எது எண்டு என்னைக் கேக்கிறார்."
"வாறன்" என்றேன். போகவில்லை. பயந்தாங்கொள்ளி.

12 வியாழன்
காலை, எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். மனேஜர்: "மாத்தினால் பிழை உம்மடை தலையிலை. வேலையும் போகும்."
"போகட்டும்." திருத்தி எழுதிக் கொடுத்தேன்.
பின்னேரம் ஆஸ்பத்திரி. தோடம்பழம் 4.
குகன் மெலிந்துவிட்டான். "வலப்பிடியைத்தான் இழுத்தனான் எண்டு நினைச்சன் அண்ணை. எல்லாரும் இல்லையெண்டுகினம். என்ரை மண்டை பிழைச்சுப் போச்சோ? இனி ஹாண்டிலைத் தொடமாட்டன்."
"நீ சரியாத்தான் இழுத்தனீ. சரிவிலை அது மாறித்தான் திரும்பும்."
மனைவி அழுதா. அவன் என் கையை இறுக்கிப் பிடித்து, அவளைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியே! நான் பிழை விடேல்லை!"
பிறகு சிரிப்பு நின்றது. கையை விட்டான்.
"உது உங்களுக்கு முதலே தெரியுமோ அண்ணை?"
"ஓம்."