தெற்குக் கரை

மார்ச் 4
அனல்மின் நிலையத்தை விரிவாக்கக் கூடாது என்று வாதாட இன்று அமைச்சகத்துக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே மின் நிலையத்தின் வக்கீல் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார். வரிசைகூட மாறவில்லை. யாரோ அவருக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள். என் கேள்விகளின் வரைவைப் பார்ப்பவர் எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பின் இயக்குநர் மட்டும்தான். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அவராக இருக்குமா? சே.
வீட்டில் தம்பி இருக்கிறான். அதே மின் நிலையத்தில், சாம்பல் கொட்டும் குளத்தின் பராமரிப்பில்.

மார்ச் 5
எங்கள் வீட்டுச் சட்டம்: செருப்போடு வேலையையும் வாசலிலேயே விட வேண்டும். அதனால்தான் ஒரே கூரையின் கீழ் இருக்க முடிகிறது. ஆனால் என் காகிதங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கின்றன. இன்று அவற்றுக்கு மேலே கையை நீட்டித் தண்ணீர் எடுத்தான். படித்தானா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

மார்ச் 7
காகிதங்களைக் கவிழ்த்து வைக்கிறேன். "என்னக்கா, பரீட்சை ஹால் மாதிரி மறைக்கிற?" என்று சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் அதிகம்.

மார்ச் 9
தூண்டில் போட்டேன். சாப்பிடும்போது, "சாம்பல் குளத்துல வடக்குக் கரை கசியுதுன்னு அடுத்த வாரம் பொது விசாரணையில சொல்லப்போறேன்" என்றேன். சுத்தப் பொய். இது வக்கீல் வாயில் வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.
அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "அதச் சொல்லாதக்கா. அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுவ. வடக்கு நல்லாத்தான் இருக்கு." பிறகு தாழ்ந்த குரலில், "கசியறது தெக்கு. அந்தப் பக்கந்தான் குடிதண்ணிக் கிணறு."
எழுந்து கை கழுவப் போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அது இன்னும் வெட்கம்.

மார்ச் 10
வாய் நிற்கவில்லை. இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நம்பலாமா? யார் சொன்னது?"
"வீட்டு ஆளுதான் சார்."
எதையும் குறித்துக்கொள்கிறவர், இன்று பேனாவைத் தொடவில்லை.

மார்ச் 12
தம்பி மதியமே வந்துவிட்டான். அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்களாம். "தெக்குக் கரை பத்தி வெளிய பேசினியான்னு கேட்டாங்க. உன்கிட்ட மட்டுந்தானேக்கா சொன்னேன்?"
நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பாவி மனுஷா! தம்பி இல்லன்னு தெரிஞ்சப்பவே, மிச்சம் யாருன்னு ஏன்டி யோசிக்கல?
"வடக்குன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன், உன்னைச் சோதிக்கத்தான் என்று. கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 13
ராஜினாமா கொடுத்தேன். "என்னம்மா திடீர்னு?" என்றார் இயக்குநர், ஜன்னலைப் பார்த்தபடி.

மார்ச் 18
விசாரணை. சொந்தப் பெயரில் மைக்கைப் பிடித்தேன். தெற்குக் கரை என்றதும், "ஆதாரமில்லாத வதந்தி" என்றார் வக்கீல். தயாராகத்தான் வந்திருந்தார். அடுத்து அழைத்தது தம்பியை. அவன் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. பேசினால் இனி எந்த மின் நிலையமும் அவனைச் சேர்க்காது. பேசினான்.
"அந்தக் கரையப் பாத்துக்கிட்டவன் நான். கசியுது. எழுதிக் கொடுத்தும் யாரும் வரல."
விரிவாக்கத்தை நிறுத்திவைத்து, குளத்தைச் சோதிக்க உத்தரவிட்டார்கள். மண்டப வாசலில் அவனுக்காகக் காத்திருந்தேன். என்னைத் தாண்டி நடந்து போனான்.

மார்ச் 20
காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஏதோ வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுக்கப் போனேன். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தான்.