ராட் என் வீட்டில், ரீல் உன் வீட்டில்

குளக்கரையில் என்னோடு ஓயாமல் சண்டை போட்ட என் அன்பு மாப்பிள்ளை செல்வத்துக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். கேட்காமல் கடிதம் தொடங்க எனக்கு வராது. பத்திரம் எழுதியே பழகிய கை, முறைப்படிதான் ஆரம்பிக்கும். நான் நலம். சரோஜாவும் நலம், என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறாள். உன் சுகந்தியும் இப்போது நலம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே உன்னிடம் கேட்க ஒரு சண்டையும் இருக்கிறது.

என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து, நாலு பேர் முன்னால் உன்னை ‘வாங்க மாப்ள, உக்காருங்க’ என்றுதான் கூப்பிட்டேன். தண்ணீரைப் பார்த்துவிட்டால் அந்த மரியாதை இரண்டு பேருக்கும் மறந்துபோகும். ‘யோவ் மச்சான், தூண்டில வீசச் சொன்னா துணி காயப்போடுற!’ என்று நீ கத்தியது தொட்டியத்து வாழைத்தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். அதனால் இந்தக் கடிதத்தில் ‘நீ’ தான். கோபித்துக்கொள்ளாதே.

அந்தத் தூண்டில் செட்டு வாங்கிய கதை நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரர்கள் பேஸ் என்று ஒரு மீனைப் பிடிக்கிற வீடியோக்களை லேத் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துப் பார்த்து, ‘மச்சான், அந்த மீன் நம்ம ஊர்ல கெடையாது, ஆனா அதோட புத்தி அப்படியே நம்ம விராலுக்கு இருக்கு’ என்று கண்டுபிடித்தவன் நீ. அல்லி இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, மேலே தவளை ஓடினால் பாய்ந்து அடிக்கும் புத்தி. அதற்கு மண்புழுவும் வேண்டாம், மிதவையும் வேண்டாம், ரப்பர் தவளை ஒன்று போதும் என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை. ரப்பரைத் தின்ன விரால் என்ன பைத்தியமா என்று கேட்டேன்.

அதற்கு முன்பு நாம் இருவரும் தனித்தனியே வாங்கி ஏமாந்திருந்தோம். கொள்ளிடத்துக்கு என்று நான் வாங்கிய ஒன்பதடி ராட், கூரையில் ஒட்டடை அடிக்கத்தான் ஆனது. நீ ஆன்லைனில் வரவழைத்த செட்டின் கைப்பிடி முதல் மீனுக்கே கழன்று கையோடு வந்தது. மீன் வரவில்லை. அப்போதுதான் முடிவு செய்தோம், இரண்டு மட்டமானதற்குப் பதில் நல்லதாக ஒன்று. வீசுகிற கம்பை, அதாவது ராடை, நான் பார்த்து வாங்க வேண்டும், நூல் சுற்றுகிற ரீலை நீ.

பெரிய கடை வீதிப் பக்கம் அந்தக் கடையில் நாம் அடித்த கூத்தைக் கடைக்காரர் இன்னும் மறக்கவில்லை. நுனி வளைய வேண்டும், நடுத்தண்டு விறைப்பாக நிற்க வேண்டும் என்று நீ பாடம் எடுத்தாய். நுனி இளகினால்தான் லேசான தவளையும் தூரம் போகும். தண்டு விறைத்தால்தான் கொடிக்குள் புகுந்த விராலை வெளியே இழுக்கலாம். சரி, பார்ப்போம் என்று ஏழடி ராட் ஒன்றை நான் வீசிப் பார்த்ததில் டியூப் லைட் போனது. அதையே வாங்கினேன். வாங்காமல் வெளியே வர முடியாது என்பதும் ஒரு காரணம்.

ரீலில்தான் பெரிய சண்டை. ராடுக்குக் கீழே தொங்குகிற சாதாரண ரீல் போதும் என்றேன் நான். ராடு மேல் உட்காருகிற வகைதான் வேண்டும், கட்டைவிரலால் நூலை அடக்கினால் நினைத்த இலைக்குப் பக்கத்தில் தவளையை இறக்கலாம் என்றாய் நீ. ரீல் உன் பங்கு, அதனால் உன் பேச்சுதான் எடுபட்டது. முதல் மாதம் நான் வீசிய வீச்செல்லாம் இடியாப்பம்தான். நூல் சிக்கெடுத்தே பொழுது போனது. ரீல் சரியில்லை என்று நான் சொல்ல, ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’ என்று நீ சொல்ல, சிரித்த தொட்டியத்துத் தோட்டக்காரர் தன் அல்லிக் குளத்துக்கு நம்மை எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார்.

மாலை திரும்பும்போது மீன் காட்டூரில் உன் வீட்டுக்குப் போகும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் மாடிப்படியில் மீன் வாசனை ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடுதானே குடிவைத்தார்? சுகந்தி குழம்பு வைப்பாள், நான் வயிறு முட்டச் சாப்பிடுவேன். ரீலைக் கழற்றி நீ வைத்துக்கொள்வாய், ராடை நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒருவனை விட்டு ஒருவன் போக முடியாது. அதுதான் ஏற்பாடு.

பிறகு ஒரு வியாழக்கிழமை, பட்டறையில் நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. விட்டுவிடுகிறேன்.

எட்டு மாதம் ராட் என் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றது. ரீல் உன் வீட்டில். ‘போய்க் கேளுங்களேன், உங்க தங்கச்சிதானே?’ என்றாள் சரோஜா. எப்படிக் கேட்பது? புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், அவன் ரீலைக் கொடு, நான் மீன் பிடிக்கப் போகிறேன் என்றா? ஊரார் பாகப்பிரிவினையை எல்லாம் எழுதித் தருகிறவன், இந்த ஒரு பொருளைக் கேட்க வாய் வராமல் காட்டூருக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். சுகந்தியும் பேச்சைக் குறைத்தாள். பேத்திக்குக் காது குத்திய அன்று வந்தவள், எங்கள் கூடத்தில் ஒரு நிமிடம் நின்று என்னத்தையோ பார்த்தாள், சாப்பிடாமல் போய்விட்டாள். துக்கம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே குத்தத்தான் செய்தது.

போன மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். அவளைக் கேட்பதைவிடப் புது ரீல் வாங்கிவிடுவது மேல். ராடைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததும், ‘லைட்டு அண்ணனா, வாங்க’ என்றார். எந்த மீனுக்கு, எந்தத் தண்ணிக்கு, என்ன நூல் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கே ஆச்சரியம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கொடி உள்ள குளம், விரால், பின்னல் நூல், மேலே உட்காருகிற ரீல்தான் வேண்டும் என்றேன். தொங்குகிற ரீலுக்காக உன்னோடு மல்லுக்கு நின்றவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நாலு ரீல்களை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமாக இருந்தது. ராடில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அப்போது அவர் சும்மாதான் கேட்டார். ‘இதுல ஏற்கெனவே நல்ல ரீல் ஒண்ணு போட்டீங்களே, அது என்னாச்சுங்க? கூட வருவாரே, அவரு நல்லாருக்காரா?’

ரீலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ‘போயிட்டு வரேங்க’ என்று மட்டும் சொன்னேன். தெருவுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. கையில் ஏழடி ராடோடு பட்டப்பகலில் அழுகிற ஆளை எத்தனை பேர் பார்த்தார்களோ. நேரே காட்டூர் பஸ்ஸில் ஏறினேன்.

சுகந்தி கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ராடைத்தான் பார்த்தாள்.

‘இப்பவாவது கொண்டாரணும்னு தோணுச்சேண்ணே’ என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனவள், உன் கைக்குட்டையில் சுற்றிய ரீலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

‘உன் பொருள நீ எடுத்துக்க. தையல் மெஷின் எண்ணெய் விட்டு வாராவாரம் துடைச்சு வச்சிருக்கேன். உன் ரீல நான் இப்படிப் பாத்துக்கிட்டேன். அவரு ராட நீ வெளக்கமாத்துக்குப் பக்கத்துல சாத்தி வச்சிருந்தியே, காது குத்துக்கு வந்தப்ப பாத்தேன். ஒரு வாய் சோறு எறங்குமா எனக்கு?’

‘ரீலு என்னுதுன்னு யாரு சொன்னா?’

‘அவருதான். ராட் நான் வாங்குனது, ரீலு உங்கண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தது, பத்திரமா வையின்னு சொல்லிட்டே இருப்பாரு.’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய்! வாயைத் திறந்தேன். என் ராட் என்று சொல்ல அத்தனை நியாயமும் என் பக்கம் இருந்தது. அவள் ராடின் கைப்பிடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, ‘தப்புதாம்மா’ என்றேன். உன் மச்சான் ஒரு வழக்கில் எதிர்ப்பேச்சு பேசாமல் தோற்றது அதுதான் முதல் தடவை.

ஏன் அப்படிச் சொன்னாய்? இனி ஒன்றும் வாங்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தாயா? அல்லது அண்ணன் கொடுத்தது என்றால் அவள் அதை வெளியே தூக்கி எறிய மாட்டாள் என்ற கணக்கா? இதில் எது என்று யோசித்து யோசித்துச் சலித்துவிட்டேன். உனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு சுகந்தியும் வருகிறேன் என்றாள். தொட்டியத்துக்கு மூன்று பேராகப் போனோம், சரோஜா குளத்தைப் பார்க்காமல் தோட்டக்காரர் மனைவியோடு வாழைப்பூ பறிக்கப் போய்விட்டாள். வானம் மப்பாக இருந்தது. மப்புக்குக் கறுப்புத் தவளை என்பாயே, அதையே கட்டினேன். சுகந்தி வீசிய முதல் வீச்சு அவள் காலடியிலேயே விழுந்தது, இரண்டாவது இடியாப்பம். ‘அய்யய்யோ, உன் ரீல கெடுத்துட்டேண்ணே’ என்று பதறினாள். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. கெடவில்லை என்று சொல்லிச் சிக்கெடுத்துக் கொடுத்தேன்.

பத்தரை மணிக்கு அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் வெடித்தது. விரால் தவளையோடு திரும்பி உள்ளே இறங்கும் வரை பொறு, உடனே இழுக்காதே என்று நீ நூறு தடவை சொல்லியும் கேட்காதவன் நான். அன்றைக்குப் பொறுத்தேன். முக்கால் கிலோ தேறும். சுகந்தி கைகொட்டிச் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தேன், மாப்பிள்ளை. மீன் கிடக்கட்டும், எனக்கு அது போதும்.

காட்டூரில் குழம்பு வைத்தாள். புளி தூக்கலாக, உனக்குப் பிடித்த மாதிரி. மூன்றாவது முறை சோறு போடும்போது சொன்னாள், ‘அவரு கைபட்டதுன்னு சொல்லிக்க ஒரு பொருளாவது வந்துச்சேண்ணே. தெனம் காலையில அந்த ராட ஒரு தடவ தொட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன்.’

நீ பார்த்துப் பார்த்து வாங்கிய பொருள், தினமும் கைக்குள் வைத்து உருட்டிய பொருள், அந்த நேரத்தில் என் தோள்பையில் கிடந்தது. எட்டு மாதம் அதை அண்ணன் பொருள் என்று எண்ணித் துடைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்று என்னிடமே கொடுத்தவள் அவள். அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன், பார். அன்றிலிருந்து அந்தப் பை இருக்கும் பக்கம் போகவே கூசுகிறது.

சொன்னால் உன் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் உன் பொருள் அவளிடம் இருக்காது. இரண்டு வாரம் புரண்டு பார்த்தேன். பொய் சொன்ன புருஷனை அவள் மன்னித்துவிடுவாள், அதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால்தான் அவளும் படிக்கிற மாதிரி, உன் பேருக்குக் காட்டூர் விலாசத்துக்கே எழுதுகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியில் அழுதுவிடுவேன்.

சுகந்தி, நீயும் படிப்பாய் என்று தெரியும். அந்த ரீல் மாப்பிள்ளை வாங்கியது, நீ எண்ணெய் விட்டதெல்லாம் அவன் பொருளுக்குத்தான். ராட் நான் வாங்கியது. அதற்காக அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்து நிற்காதே. அவனும் அதை என்னைவிட அதிகமாகத்தான் பிடித்திருக்கிறான்.

மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்கு. இந்த ஞாயிறு காலையில், முதல் பஸ்ஸிலேயே ரீலைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடுவேன். இனிமேல் இரண்டும் காட்டூரில்தான் இருக்கும். எனக்கு மீன் பிடிக்க வேண்டுமென்றால் என் தங்கை வீட்டு வாசலில் நின்று, கொடும்மா என்று வாய்விட்டுக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் சம்சாரத்தின் அண்ணன், உன் மச்சான்
கோவிந்தராஜ்