ஆமை முத்திரைச் சாக்ஸபோனை உருக்கச் சொன்ன மன்றத்தாருக்கு

நன்மை நிலைபெறுக. மேற்கே கோங்கமலையும் கிழக்கே அலைகடலும் எல்லையாக, இடையே இரண்டு ஆறுகள் பாயும் கோங்கவரை நாட்டின் முடியுடையாளும், ஆற்றுப்படைத் தலைவியும், தெப்பத்து ஈசன் திருக்கோயிலில் முதல் விளக்கை ஏற்றும் உரிமையுடையாளுமாகிய எயினி மாதேவி, நம் துறைநகராம் மணற்றுறையில் வீற்றிருக்கும் கருவியாய்வு மன்றத்தாருக்கும், அம்மன்றத்து முதல்வரும் நல்லிசைக் காவலர் என்னும் பட்டத்தை எம் தந்தையார் திருக்கையால் பெற்றவருமாகிய பூதங்கண்ணனாருக்கும் விடுக்கும் ஓலை.

உமது கடலில் மீன்வளம் பெருகுக. உமது துறையில் மரக்கலங்கள் சேதமின்றிச் சேர்க. உமது இல்லங்களில் நெல்லும் நெய்யும் குறையாதிருக்க. உமது செவிகள் நன்கு கேட்கட்டும் என்றும் தனியே ஒரு வாழ்த்துச் சொல்கிறோம். அந்த வாழ்த்து உமக்கு இப்போது மிகவும் வேண்டியிருக்கிறது.

எமது ஒப்புதல் வேண்டி நீவிர் விடுத்த தீர்ப்போலை சென்ற பிறைநாளில் வந்து சேர்ந்தது. பவழத்தீவுப் பட்டறையில் செய்த ஆமை முத்திரைச் சாக்ஸபோன் வாங்கத் தகாதது என்றும், ஊதியபோது தவளைச் சத்தமன்றி அதிலிருந்து வேறொன்றும் வரவில்லை என்றும், ஆகவே அதனை உருக்கி மன்றத்து வாயிலுக்கு ஒரு விளக்குச் செய்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அதனைக் கொண்டுவந்து வாங்கச் சொன்ன கோயிற் குழலிசையாள் எழுவாள் என்பாள், கருவித் திருமுழுக்கைத் தடுத்த குற்றத்துக்காகப் பணி நீங்க வேண்டும், மணற்றுறைக் கரையில் இனி எக்காலத்தும் வாசிக்கலாகாது என்றும் அதே ஓலையில் எழுதியிருந்தீர். மன்றத்தார் அனைவரும் தத்தம் முத்திரையைப் பதித்திருந்தீர். படித்தபோது எமக்கு முதலில் சிரிப்பு வந்தது. சினம் சற்றுப் பின்னர் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

உமது ஓலையில் நடந்ததில் பாதிதான் இருந்தது. மீதியை யாம் விசாரித்து அறிந்தோம். அதனை முறையாகச் சொல்கிறோம்; குறுக்கே பேச வழியில்லாத ஓலை இது, ஆதலால் பொறுமையாகப் படிப்பீராக.

நம் தெப்பத் திருவிழாவில் ஏழு ஓடங்கள் செல்வதை நீவிர் அறிவீர். முதல் ஓடத்தில் எழுவாள் அமர்ந்து, கோயிலுக்குச் சொந்தமான இரட்டைமகர முத்திரைச் சாக்ஸபோனை வாசிப்பாள். மற்ற ஓடங்களில் அமர்வோரும் அவளிடத்தில் அந்த ஒரே கருவியை மாற்றி மாற்றி வாங்கிப் பயின்றவர்களே. ஆயினும் திருவிழா நாளில் கையில் ஊதுவதற்கு ஒன்றுமின்றித் தாளம் தட்டிக்கொண்டு போகின்றனர். சாக்ஸபோன் என்றால் இரட்டைமகர முத்திரை, அஃதில்லையேல் வேண்டாம் என்று நீவிர் எங்கும் எழுதாத ஒரு விதியை வைத்திருக்கிறீர். அக்கருவி ஒன்றின் விலைக்கு ஓடமே ஒன்று வாங்கலாம். ஆகவே ஆண்டுதோறும் முதல் ஓடத்தைக் கேட்கக் கரையின் ஒரு மூலையில் மக்கள் நெருக்கியடித்து நிற்க, மற்ற ஓடங்கள் வாய்மூடிப் போகின்றன.

பவழத்தீவுக்குக் கோயிற்பணியாகச் சென்ற எழுவாள், அங்கே ஒரு திருமண ஊர்வலத்தில் இந்த ஆமை முத்திரைக் கருவியைக் கேட்டாள். கேட்டதோடு நில்லாமல் பட்டறைக்கே சென்றாள். அங்கிருந்தவற்றை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, சிலவற்றைத் தள்ளி, ஒன்றைத் தேர்ந்து, தன் பொறுப்பில் இரவலாகப் பெற்று, மடியில் வைத்துக் கடல் கடந்து கொண்டுவந்தாள். மற்ற ஓடங்களும் இவ்வாண்டு பாடட்டும் என்பதே அவள் எண்ணம். இதற்குத்தான் அவளைக் கரையைவிட்டு விரட்டப் பார்த்தீர்.

நீவிர் அவளிடம் கேட்ட முதற்கேள்வி, வேறு எந்த அரண்மனையில் இக்கருவி இருக்கிறது என்பது. எந்த அரண்மனையிலும் இல்லை என்று அவள் உள்ளதைச் சொன்னாள். தீர்ப்பு அப்போதே எழுதியாயிற்று என்று எமக்குத் தோன்றுகிறது. எல்லா அரண்மனைகளும் இவ்வாறே கேட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கருவிதான் முதல் அரண்மனைக்குள் நுழைந்திருக்கும்? இரட்டைமகரக் கருவி எம் பாட்டனார் காலத்தில் இக்கரையில் வந்திறங்கியபோது, பித்தளைப் பாம்பு வந்தது என்று சிறுவர் ஓடினராம். அன்று உம்மைப் போல் ஒரு மன்றம் இருந்திருந்தால் அந்தப் பாம்பையும் அடித்துத்தான் போட்டிருக்கும்.

அடுத்து, ஆமை உருவம் பொறித்த பொருள் கோயிலுக்குள் புகுவது ஆகாது என்று பூதங்கண்ணனார் மூக்கின்மேல் விரலை வைத்தாராம். ஐயா, நீவிர் நாள்தோறும் பூசைக்கு அமரும் பலகையின் பெயர் என்ன? கூர்மாசனம். அதற்குத் தலையும் வாலும் நான்கு கால்களும் இருப்பதை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் குனிந்து பார்த்ததுண்டோ? ஆமையின்மேல் அமர்ந்துகொண்டு ஆமையை வாயிலில் நிறுத்திய பெருமை இந்நாட்டில் உமக்கே உரியது.

இனித் திருமுழுக்கின் கதைக்கு வருவோம். புதிய கருவி எதுவாயினும் மன்றத்தில் ஓசை எழுப்பும் முன் பாலும் எண்ணெயும் சந்தனமும் கொண்டு நீராட்டி ஏற்பது நம் வழக்கம். நல்ல வழக்கம், யாம் அதனைக் குறை கூறவில்லை. சங்குக்கும் சேமக்கலத்துக்கும் கைத்தாளத்துக்கும் என்று நம் முன்னோர் வகுத்தது அது. மத்தளத்துக்கு அவர்கள் விலக்களித்தனர்; தோல் நனைந்தால் கெடும் என்னும் அறிவு அவர்களுக்கு இருந்தது. சாக்ஸபோன் பார்வைக்குப் பித்தளை. ஆனால் அதன் துளைகளை மூடித் திறக்கும் ஒவ்வொரு மூடியின் அடியிலும் தோல்வில்லை ஒன்று இருக்கிறது. அது துளையோடு படிந்து மூடினால்தான் சுரம் பிறக்கும். இதனை எழுவாள் மன்றத்தில் எடுத்துரைத்தாள். பாற்குடம் சாய்ந்தபோது கருவியின்மேல் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் திருமுழுக்கைத் தடுத்த குற்றம் என்று எழுதினீர். அவளை அகற்றிவிட்டுப் பாலை ஊற்றினீர், எண்ணெயை ஊற்றினீர், மூடிதோறும் சந்தனத்தை அப்பினீர், பிறகு ஊதச் சொன்னீர். அது தவளைபோல் கத்தியது என்று வியக்கிறீர். அத்தனையும் குடித்தபின் அது கத்தியதே பெரிது.

உமது ஓலையைக் கண்டதும் கருவியையும் எழுவாளையும் அழைப்பித்தோம். சாந்து காய்ந்து வெடித்த கருவியைத் தன் மேலாடையில் சுற்றி ஏந்தி வந்தாள். தன் பணியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. யாம் வற்புறுத்திக் கேட்டபோது, “என்னை அனுப்புனா போயிடுறேன் தாயே, இதை மட்டும் உருக்கச் சொல்லாதீங்க. இது கெட்டுப்போகலை, நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான்” என்றாள். உமக்காக எமக்கு வெட்கமாக இருந்தது.

ஆயினும் ஒருபக்கச் சொல்லைக் கேட்டுத் தீர்ப்பளிப்பது எம் வழக்கமன்று. ஆகையால் இரட்டைமகர முத்திரையின் முகவர் நெடுஞ்சாத்தனாரையும் அவர் புதிதாக விற்க வந்திருக்கும் கருவியோடு வருவித்தோம். இரண்டு கருவிக்கும் ஒரே மரியாதை செய்வோம், உமது கருவிக்கும் இங்கே எம் முன்னிலையில் பாலும் எண்ணெயும் சந்தனமும் சாத்தட்டும் என்று பணித்தோம். குடத்தைக் கண்டதும் அப்பெரியவர் குழந்தையைத் தூக்குவதுபோல் தம் கருவியை வாரி அணைத்துக்கொண்டு தூணின் பின்னே போய் நின்றார். “தோலுங்க உள்ளே இருக்கு தேவி, நனைஞ்சா ஊதாது” என்று கெஞ்சினார். எழுவாள் மன்றத்தில் சொன்னதும் இதுவே. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதன்பின் அவர் சொன்னதுதான் எம்மை அரியணையிலிருந்து எழச் செய்தது. மன்றத்தாருக்கு இது தெரியாததன்று, சென்ற ஆண்டே தாம் விண்ணப்பித்ததாகவும், நீவிர் தலையசைத்து ஏற்று, அவர் கருவிக்கு மட்டும் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துத் திருமுழுக்கை முடித்துக்கொண்டதாகவும், நுட்பம் அறிந்தவர் என்று அவருக்குப் பொன்னாடையும் போர்த்தியதாகவும் அவர் சொன்னார். ஆக, தோல் நனையலாகாது என்று பெரிய முத்திரையின் முகவர் சொன்னால் அது நுட்பம். நம் தெப்பத்தில் ஆண்டுதோறும் வாசிக்கும் எழுவாள் சொன்னால் அது பாவம். அறியாமல் செய்தீர் என்றெண்ணிப் பாதிச் சினத்தை அடக்கி வைத்திருந்தோம். அறிந்தே செய்தீர். கருவியை நீராட்டும்போது அது கெடும் என்று உமக்குத் தெரியும். கெட்டபின் கெட்ட கருவி என்று எழுதவும் உமக்குக் கை வந்தது. இதை எந்த நாட்டில் ஆய்வு என்று சொல்வார்கள்?

எம் அரண்மனைத் தோல்வினைஞரைக் கொண்டு நனைந்த வில்லைகளைப் பெயர்த்து, கருவியைக் கழுவி உலர்த்தி, புதுத் தோல் இட்டு, புதிய சீவாளியும் பொருத்தினோம். பின்னர் எழுவாளை இரண்டு கருவியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். யாம் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறோம், ஏனெனில் உம்மைப்போல் யாமும் ஒருபக்கமாய்ச் சாய்ந்தால் இவ்வோலைக்குப் பொருளில்லை. இரட்டைமகரம் நல்ல கருவி; கீழ்ச்சுரங்களில் அதன் நிறைவு ஆமைக்கு இல்லை. ஆமையின் மிகத் தாழ்ந்த சுரம் கூப்பிட்டவுடன் வருவதில்லை, சற்று யோசித்துத்தான் வருகிறது. சிறுவிரலுக்குரிய விசையொன்று கடினம். மேற்பூச்சு மெல்லியது, வாசித்து முடித்தபோது எழுவாளின் பெருவிரலில் பொன்னிறம் ஒட்டியிருந்தது. ஆனால் சுருதி நிற்கிறது. நீண்டு ஊதினாலும் விலகவில்லை. சுரத்தைச் சுரத்தோடு இழைத்துக் கமகம் பிடிக்கும்போது வழுக்காமல் உடன் வருகிறது. எடை குறைவாதலின் ஓடத்தில் இரண்டு நாழிகை கழுத்தில் தொங்கினாலும் நோகாது. அரண்மனைக் கூடத்தில் தனியே கச்சேரி செய்ய யாம் இரட்டைமகரத்தையே கேட்போம். ஆற்றின்மேல் ஓடம் ஆடும்போது ஊத, இப்போது ஒன்றுமே ஊதாமலிருப்பவர்களுக்கு, ஆமை முத்திரை வாங்கத் தகும். ஐயமின்றித் தகும்.

ஆகவே எம் ஆணை இது. உமது தீர்ப்பு இந்த ஓலை படிக்கப்படும் நொடியில் அழிந்தது. மற்ற ஓடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆமை முத்திரைச் சாக்ஸபோன் வாங்குக. அது சிறிய பட்டறை. ஒன்று இருப்பதுபோல் மற்றொன்று இராது. ஆதலால் பெட்டியைப் பார்த்து வாங்காமல், ஊதுவோரே சென்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத் தேர்க. சுருதி விலகுவதைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுக. மாற்றுத் தோல்வில்லைகளையும் கூடவே கேட்டு வாங்குக. தோல் உள்ள கருவி எதற்கும், அது எந்த முத்திரையாயினும், இனி ஒரு பொட்டோடு திருமுழுக்கு நிறைவுறுக.

பூதங்கண்ணனாரும் மன்றத்தார் அனைவரும், பல்லக்கும் குடையும் இன்றி, உப்பங்கழிக் கரையிலுள்ள எழுவாளின் வீட்டுக்கு நடந்து சென்று, அவள் முன்னே நின்று, நீ சொன்னது சரி, அது எங்களுக்கு அப்போதே தெரியும் என்று அந்த இரண்டையும் சொல்லக் கடவீர். முதலாவதை மட்டும் சொல்லித் திரும்பினால் எமக்குத் தெரிந்துவிடும். அதன்பின் பணிக்குத் திரும்புமாறு வேண்டுவீராக. திரும்புவாளா என்று எமக்கு அவள் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அவர்கள் வரட்டும், முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். வரமாட்டேன் என்றால் அவளை வருத்தலாகாது. இவ்வாண்டுத் தெப்பம் அவளின்றிப் போனால், அந்த முதல் ஓடத்தில் நீவிரே ஏறி அமர்ந்து, கரையிலுள்ள மக்கள் அனைவரும் காண, ஓசையின்றி ஆற்றைச் சுற்றி வரக் கடவீர்.

ஆறும் கடலும் சாட்சியாக, தெப்பத்து ஈசன் திருமுன்னர், எயினி மாதேவி சொல்ல ஓலைநாயகன் மாறங்காரி எழுதியது. கொண்டுவருபவன் எம் மெய்க்காவலன். படித்து முடியும்வரை அவன் அங்கேயே நிற்பான்.

இவ்வோலையின் அடியில் எம் அரச முத்திரையைத் தேடுவீர். இடவில்லை; மறதியால் விட்டதன்று. எழுவாளைத் துரத்திய உமது ஓலையில் முத்திரைகள் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, அது செல்லாது. இதில் ஒன்றுகூட இல்லை, இது செல்லும்.