கோலில் ஒளித்துவைத்த பாண்டிராஜ்

எம். புதுப்பட்டி
13.8.2006

அன்பு மகன் முனியராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி வேல்விழியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா, அதை முதலில் எழுது. தீபாவளி சீசன் என்பதால் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பட்டாசுக் கம்பெனி. போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சொல்லி உங்கள் கோவா கிளப்பிலிருந்து ஒருவர் பாண்டிராஜின் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க வந்தாரே, அவரை நான் ஏமாற்றப் பார்த்தேன். அதுவும் எனக்கு உருப்படியாக வரவில்லை. ஆளை வளர்த்து வெளியே கொடுத்துத்தான் நம் கிளப் பிழைக்கிறது. உன்னைக் கொடுத்த பணத்தில்தான் கோல் கம்பமும் பதினைந்து பேருக்கு பூட்ஸும் வந்தன. ஆனாலும் கம்பெனி முதலாளி பலவேசத்தின் டீமை இந்தத் தீபாவளிக் கோப்பையில் தோற்கடிக்கவேண்டும் என்று எனக்கு வெறி. அவர் மதுரையிலிருந்து ஆள் இறக்குகிறார், நம் பையன்கள் பகல் முழுக்க வெடிமருந்து அடைத்துவிட்டு வந்து ஆடுகிறார்கள். பாண்டிராஜ் போய்விட்டால் கோல் போட யார்? கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அவனைக் கோலில் நிறுத்திவிட்டேன். அவன் அம்மா கருப்பம்மாள் கோட்டுக்கு வெளியே நின்று, ஏண்ணே, எம் மவன் என்ன வேலிக்கம்பா, அங்கன கொண்டு நட்டு வச்சிருக்கீக என்று ஊர் கேட்கக் கத்தினாள். கோபத்தில் அவன் வந்த பந்தையெல்லாம் பிடித்துத் தொலைத்தான், ஒரு பெனால்டி உட்பட. வந்தவர், இந்தக் கோல்கீப்பரைக் கொடுங்கள், மற்றவர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் சாமர்த்தியம் அம்புட்டுத்தான்.

சாயங்காலம் பாண்டிராஜ் வந்து, மாமா, முனியராஜ பாக்க ஆள் வந்தப்ப அவன முன்னாலதான நிப்பாட்டுனீக, நான் மட்டும் மருந்து ரூமுலயே கெடக்கணுமா என்று கேட்டான். ஆளை வெளியே விடாத முதலாளிகளை டீக்கடையில் உட்கார்ந்து திட்டுகிற வாய் இது.

அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 22-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான். ஒரு மாதம் கோல்கீப்பராக வைத்துப் பார்ப்பார்களாம். அவன் முன்னால் ஆடுகிறவன் என்று உங்கள் கோச்சிடம் நீயே சொல். பொய் சொன்னது கிளப் செயலாளரான நான், பையன் இல்லை என்றும் சொல். இனி நம் கிளப்பை நம்பமாட்டார்களே என்று பார்க்காதே.

இருவரும் நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசியும் சேர்த்து. அவனுக்கு இந்தி தெரியாது, மட்காவ் ஸ்டேஷனுக்கு நீயே போ.

உன் அப்பா
ஊர்க்காவலன்
(செயலாளர் என்று போடக் கை வரவில்லை)