அண்ணன் திருப்பித் தந்த கைக்கடிகாரம்

சனிக்கிழமை, கிள்ளான்

தன் மகள் கல்யாணத்தில் கட்டிக்கொள்ள அண்ணன் இரவல் வாங்கித் திருப்பித் தந்த என் கைக்கடிகாரத்தை இன்று சுபாங் ஜெயா கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்த பெண் தயங்கினாள்.

“அங்கிள், வெளிக்கூடு மட்டும்தான் ஒரிஜினல். உள்ள மெஷினை மாத்தியிருக்காங்க. இது ஃபேக்டரியில மொத்தமா செய்றது. இந்த வாட்ச்சுக்கு அவ்வளவு விலையே பழைய மெஷினுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத பல்சக்கரத்தைக்கூட கையால மெருகேத்தியிருப்பாங்க.”

காரில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் மறுக்கவே இல்லை.

“மணி சரியாத்தானே காட்டுது லா? நீ திறந்து பார்ப்பேன்னு நான் நினைக்கவே இல்ல.”

நான் சந்தேகப்பட மாட்டேன் என்று நம்பித்தான் செய்திருக்கிறார். நாளை அவர் வீட்டில் விருந்து. போகலாம் என்று மனைவி புடவை எடுத்து வைத்துவிட்டாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.