எத்தனை நாளாக?

24-1-84
குத்தகைக்காரர்களைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து பதினைந்து வருஷம் கழித்து இன்றுதான் எங்கள் குத்தகைப் பதிவு விசாரணை. "இவங்க அந்த நிலத்துல உழுததே இல்லை" என்று மிராசுதார் பட்டாபிராமன் தாசில்தாரிடம் கூசாமல் சொன்னார். உழுதவன் என் மகன் தங்கையன். பத்தொன்பது வயது. ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். இதற்கா இருபது வருஷம் விவசாயிகள் சங்கத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்? வெளியே வந்ததும், "அவரு முன்னால உன் கண்ணு மேல வராதாடா?" என்று ஓர் அறை விட்டேன்.

"வரமாட்டேங்குதுப்பா" என்றான். கொழுப்பு என்று இன்னொன்று வைத்தேன்.

3-2-84
தலைவலி என்கிறான். அறுப்பு நேரத்தில் யாருக்குத்தான் வலிக்கவில்லை.

9-5-84
வாந்தி. வரப்பு இரண்டிரண்டாகத் தெரிகிறதாம், வாய்க்காலில் விழுந்துவிட்டான். தஞ்சாவூர் டாக்டர் உடனே மதராஸ் போகச் சொல்லிவிட்டார்.

21-5-84
மதராஸ் ஆஸ்பத்திரி. மூளையின் நடுவில் கட்டி. அபூர்வமாக வருவதாம். அது அழுத்தினால் கண்மணி மேலே ஏறாது என்று டாக்டர் சொன்னார்.

ஐயோ, அடித்தேனே.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். ரெண்டு மாசம் என்றேன். பொய். தையிலிருந்தே. தை என்றால் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை.

25-5-84
தலையில் தேங்கிய நீருக்குக் குழாய் வைத்தாயிற்று. கட்டி, கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. முதலில் பத்து நாள் தலைக்கு மட்டும் கோபால்ட் கதிர், எல்லாரும் கரண்ட் என்கிறார்கள். சுருங்கினால் கதிருக்குக் கட்டுப்படுகிற வகை. அந்த வகை தண்டு வழியாகவும் பரவுமாம், அதனால் முதுகுத்தண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். சுருங்காவிட்டால் தலையைத் திறப்பதுதான் வழி.

28-5-84
முதல் கரண்ட். நெற்றியோரம் ஊதா மையில் கோடு. அவன் அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அறைந்ததை எழுதவில்லை.

2-6-84
பயிருக்கு வயதைத் தப்பாகச் சொன்னால் மருந்தைத் தப்பாகத்தானே அடிப்பார்கள்? என் பொய்யை வைத்துக் கரண்ட் அளவு போட்டிருந்தால்? நானே அவனைக் கொன்றுவிடுவேனா?

4-6-84
டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அறைந்தது உட்பட. அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "தையிலேருந்துன்னு உங்க பையன் முதல் நாளே, நீங்க வெளியே போனதும் சொல்லிட்டாரே. அப்பாகிட்ட இதை மறுபடி கேக்காதீங்கன்னும் சொன்னாரு."

அளவு தப்பவில்லையாம். அடியால் வருகிற கட்டியும் இல்லையாம். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

12-6-84
மறுபடி படம் எடுத்தார்கள். கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. தலையைத் திறக்க வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

18-6-84
இன்று முதல் முதுகுத்தண்டுக்கும். குப்புறப் படுத்து அசையாமல் இருக்க வேண்டும். போகும்முன், "தப்பு பண்ணிட்டேன்டா தங்கையா" என்றேன்.

"விடுப்பா" என்றான். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நான் சொன்னப்ப நீ நம்பியிருக்கலாம்" என்றான்.

டாக்டர் கேட்பதற்கெல்லாம் இப்போது அவனே பதில் சொல்லிக்கொள்கிறான். நான் வெளியே இருக்கிறேன்.